உழவு யந்திரத்தைக் கழுவும் முறை

உழுது களைத்த எருதுகளைப் பொழுது சாயும் வேளையிற் குளத்திலோ வாய்க்காலிலோ இறக்கிக் குளிப்பாட்டுதல் இலங்கைத் தமிழ்க் கமக்காரரிடம் நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கம். வைக்கோற் புரியால் உடம்பைத் தேய்ப்பர். நுகம் அழுத்திய கழுத்திற் புண் உண்டோ என்று தடவிப் பார்ப்பர். குளம்பிடையிற் சிக்கிய கல்லையும் முள்ளையும் அகற்றுவர். பின்னர் கரையேறிய எருது ஒருமுறை உடலைச் சிலிர்த்து நீரை உதறிவிட்டுத் தொழுவம் நோக்கி நடக்கும். இப்பணியில் இரண்டு காரியங்கள் ஒருங்கே நிறைவேறின. சேறு நீங்கியது, மாட்டின் உடல்நிலையும் நாள்தோறும் ஆராயப்பட்டது.

எருதின் இடத்தை உழவு யந்திரம் பிடித்துக்கொண்டபோது இவ்வழக்கமும் யந்திரத்தோடு தொடர்ந்து வந்தது. ஆயின் வந்தது பாதியே. யந்திரத்தைக் குளத்துள் இறக்கும் பழக்கம் வந்தது. தடவிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் வரவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் விதைப்புக் காலத்து மாலைகளில், பின்சில்லின் அச்சு மூழ்குமளவுக்கு 'மிசின்கள்' நீரில் நிற்பதையும், இளைஞர் வாளியால் நீரை அள்ளி எஞ்சின்மீது எற்றுவதையும் இன்றுங் காணலாம். எருது நீரை உதறத் தெரிந்த பிராணி. யந்திரத்துக்கு அவ்வித்தை தெரியாது. உள்ளே புகுந்த நீர் உள்ளேயே தங்கிவிடும்.

இவ்வாறு நீர் உட்புகுவது எவ்வாறு என்பதை விளங்கிக்கொண்டால், கழுவும் முறை முழுவதும் தானே விளங்கும். யந்திரத்தின் கியர்ப்பெட்டியும் பின்னச்சுக் கூடும் எண்ணெய் கொண்டவை. வேலை நடக்கும்போது அவ்வெண்ணெய் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்றும் விரிகிறது. விரிந்த காற்று வெளியேறுவதற்கென மேற்புறத்தில் ஒரு சிறு மூச்சுத் துவாரம் வைத்திருப்பர். நாள் முழுதும் உழுத யந்திரத்தைச் சடுதியாகக் குளிர்நீரில் நிறுத்தினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். சுருங்கியதன் இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதேனும் ஒன்று உட்புகுந்தே ஆகவேண்டும். மூச்சுத் துவாரம் திறந்திருந்தாற் காற்றுப் புகும். அது சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சு முனைகளிலுள்ள ரப்பர் அடைப்புகளின் ஓரமாக நீரே உறிஞ்சப்படும். இவ்வடைப்புகளையே கராச்சுக்காரர் 'ஒயில் சீல்' என்பர். அவை உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே கசியாமற் காப்பதற்கு அமைந்தவை. வெளியிலிருந்து அமுக்கும் நீரைத் தடுத்து நிறுத்துதற்கு அவற்றின் வலு போதாது.

சில நாட்களின் பின் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் பால் விட்ட தேநீர் போல வெளிறியிருக்கும். அத்தகைய எண்ணெயோடு யந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. அதுவே இதிலுள்ள வஞ்சனை. காலபோகத்து உழவு முடிகிறது. பெட்டி இழுக்கும் வேலையும் முடிகிறது. யந்திரம் சில மாதங்கள் கொட்டிலில் நிற்கிறது. அந்நாட்களில் நீர் அடியிற் படிந்து, பல்லிணைகளையும் குண்டுப் போதிகைகளையும் மெல்ல மெல்லத் துருப்பிடிக்கச் செய்கிறது. கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கவேண்டிய உருக்குக் குண்டுகளில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் விழுகின்றன. அடுத்த புரட்டாதியில், மழைக்கு முன் புழுதி விதைப்புக்காக யந்திரத்தை வயலில் இறக்கிய மூன்றாம் நாள் அது முனகத் தொடங்குகிறது; நாலாம் நாள் நிற்கிறது.

மானாவாரி வயலுக்கு அந்த நாலாம் நாள் எத்தகையது என்பதைக் கமக்காரரே அறிவர். ஊரிலுள்ள மற்றை யந்திரங்கள் யாவும் இரவு பகலாகப் பிறர் வயல்களில் நிற்கும். மழை தொடங்கிவிட்டாற் புழுதி சேறாகும், விதைப்புத் தள்ளிப்போகும், பிந்தி விதைத்த பயிர் கதிர் பறியுங் காலத்தில் ஈரம் இருக்குமோ இராதோ என்பது வானத்தின் செயல். பட்டறைக்காரரும் அவ்வாரத்திற் கைக்கு எட்டார். ஒரு மாலையிற் குளத்தில் இறக்கிக் கழுவியதன் விலை இவ்வளவு தூரம் வந்து அறவிடப்படுகிறது.

இந்நாட்டு வயல்களிலே பழைய யந்திரங்கள் இன்னமும் உழைத்து வருவதனாலும் இவ்விடயம் கருதத்தக்கது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன், அதன்பின் 1957இல் வெளிவந்த மசி பெர்குசன் 35, 1964இல் வந்த 135 ஆகிய இவை தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் முதுசமாகவே சில குடும்பங்களில் இருந்து வந்துள்ளன. 1990களில் வடக்கில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டிருந்த காலத்தை இவை கடந்து வந்தன. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது உதிரிப்பாகங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு சோடிப் போதிகையைக் காப்பாற்றிக்கொள்வதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கிற்று.

கழுவும் முறைக்கு வருவோமாயின், எல்லாச் சேறும் ஒரு தன்மையதன்று என்பதை முதலிற் சொல்லவேண்டும். மன்னார் மாவட்டத்து முருங்கனிலும் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களிலும் காணப்படும் கருங்களி நனைந்தாற் பசைபோல் ஒட்டும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். அத்தகைய மண்ணில் உழுத யந்திரத்தை அன்று மாலையே கழுவுதல் பாதி வேலையை மிச்சப்படுத்தும். மறுநாள் வரை விட்டுவிட்டாலோ, சாக்குகளை நனைத்துச் சில்லின்மீதும் அச்சின்மீதும் போர்த்தி ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பின் பனஞ்சலாகையால் நெம்பவேண்டும். பாளம் பாளமாகப் பெயரும். கடப்பாரையும் மண்வெட்டியும் ஆகா. அவை வர்ணத்தைச் சுரண்டிவிடும்; சுரண்டிய இடத்திற் துரு குடியேறும். வலிகாமத்துச் செம்மண் இவ்வாறு ஒட்டுவதில்லை. அது தூளாய் உதிரும். ஆயினும் அந்த நுண்துகள் எண்ணெய் கசியும் இடமெல்லாம் படிந்து, அரத்தூளைக் கலந்தாற்போல அசையும் உறுப்புகளைத் தேய்க்கும்.

இவையிரண்டினும் கொடியது உப்பு. கரைவலை இழுப்பதற்கும் வள்ளங்களை மணலில் ஏற்றுவதற்கும் கடற்கரையில் உழைக்கும் யந்திரங்களை அன்றன்றே நன்னீராற் கழுவாவிடில், தகடுகள் சில ஆண்டுகளிற் சல்லடையாகிவிடும். பசளை மூட்டை ஏற்றிய பெட்டிக்கும் இஃது பொருந்தும்; சிந்திய யூரியாவும் பொற்றாசியப் பசளையும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிப்பவை. கரையோரக் கிணறுகளின் உவர்நீராற் கழுவுவோர், இறுதியில் இரண்டொரு வாளி நல்ல நீரையாவது ஊற்றி அலசிவிடுதல் வேண்டும்.

நீரைத் தொடுமுன் செய்யவேண்டிய ஆயத்தங்கள் சில உள. யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொள்க. கலப்பையோ சுழல்கலப்பையோ பின்னாற் பூட்டியிருப்பின் அதனை நிலத்தில் இறக்கி வைத்தல் வேண்டும். உயர்த்திய கலப்பையின் கீழே குனிந்து சேறு சுரண்டுவோர், அதனைத் தாங்கி நிற்பது எண்ணெயின் அமுக்கமே என்பதை மறந்துவிடுகின்றனர். நெம்புகோலிற் சிறுபிள்ளை ஒன்றின் கை பட்டாலும் போதும். மிகுந்த பாரம் ஒரு நொடியில் இறங்கிவிடும். உயர்த்தித்தான் கழுவவேண்டுமாயின் தடித்த மரக்கட்டைகளை அடியில் வைத்து, அவற்றின்மேல் இறக்கிய பின்னரே கையை நீட்டலாம்.

அடுத்தது பொறுமை. எஞ்சின் கைவைக்கத்தக்க அளவுக்கு ஆறவேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். வார்ப்பிரும்பு சூடாயிருக்கையிற் குளிர்நீரை வாரியிறைத்தால் வெடிப்புக் காண இடமுண்டு. டீசலைச் சிலிண்டருக்கு அனுப்பும் பம்பியின் உள்ளுறுப்புகளோ, ஒரு மயிரிழையினும் பன்மடங்கு சிறிய இடைவெளியில் ஒன்றினுள் ஒன்று அசைபவை. பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கூட்டில் மட்டும் குளிர்நீர் படின், கூடு சுருங்கி உள்ளுறுப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனிற் பிழையான வழக்கம் பிறிதில்லை.

எஞ்சின் ஆறும் அந்நேரத்தில் துவாரங்களை மூடலாம். நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயில் ஒரு வெற்றுப் பால்பேணியைக் கவிழ்த்தாற் போதும். மழைக்காக அவ்வாறு கவிழ்த்து வைக்கும் வழக்கம் கமக்காரர் ஏலவே அறிந்ததே. காற்று வடிகட்டியின் வாயைப் பொலித்தீன் உறையாற் சுற்றி இறப்பர் நாடாவாற் கட்டுக. எரிபொருள் தாங்கியின் மூடி, எண்ணெய் அளவுகோல், கியர்ப்பெட்டியின் மூச்சுத் துவாரம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியாற் கட்டிவிடலாம். மின்னாக்கி, முடுக்கும் மோட்டர், பற்றறி, சாரதியின் முன்னுள்ள மணிப்பலகை ஆகியவற்றிலும் நேராக நீர் படலாகாது. அண்மைக்காலத்து யந்திரங்களில் மின்கம்பிகளும் உணரிகளும் மிகுந்திருத்தலால் இந்த அவதானம் முன்னிலும் கூடுதலாக வேண்டப்படுகிறது. பற்றறி முனைகளிற் பூத்திருக்கும் வெண்பூவை அப்பச்சோடா கரைத்த வெந்நீரில் தோய்த்த துணியாற் துடைத்தால் அது நுரைத்துக் கரைந்துபோகும். துடைக்குமுன் யந்திரத்தின் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றவேண்டும். பின்பு முனைகளிற் சிறிது கிறீஸ் தடவுக.

கழுவுதல் மேலிருந்து கீழாக நடைபெறல் வேண்டும். கூரை வெய்யும் போதும் வீடு கூட்டும் போதும் கைக்கொள்ளப்படும் நியாயம் இங்கும் ஒன்றே. தும்புத்தடியும் ஒரு வாளி சவர்க்கார நீரும் பெரும்பாலான வேலைக்குப் போதும். உடுப்புத் தோய்க்கும் கடுஞ்சோடாத் தூள் வர்ணத்தின் பளபளப்பைக் கெடுக்கும்.

எஞ்சினின் சூட்டை ஆற்றும் றேடியேற்றரில் மட்டும் திசை மாறும். முன்பு சூடு மிதிப்பதற்கு யந்திரத்தைக் களத்திற் சுற்றிச் சுற்றி ஓட்டிய காலத்தில், பதரும் சப்பியும் வைக்கோற் தூசும் முன்வலையின் வழியே உறிஞ்சப்பட்டு அதன் மெல்லிய தகடுகளிடையே செறிந்துவிடும். எஞ்சின் கொதிக்கும், காரணம் நீர்க்குறைவு என்று எண்ணி நீரை மேலும் மேலும் ஊற்றுவர். அறுவடை யந்திரங்கள் வந்த பின் சூடு மிதித்தல் அருகிவிட்டது. ஆயினும் வைக்கோல் கட்டும் வேலையிலும் புழுதி உழவிலும் அதே தூசு அதே இடத்திற் சேர்கிறது. விசிறி காற்றை முன்னிருந்து பின்னாக இழுப்பதால், நீரைப் பின்னிருந்து முன்னாகச் செலுத்தவேண்டும். முன்னிருந்து செலுத்தினாற் தூசு இன்னும் ஆழமாக அடையும். தகடுகள் கடுதாசி போல் மெல்லியவை. பூவாளியின் நீரோட்டமே அவற்றுக்கு உகந்தது. வளைந்த தகட்டை மெல்லிய மரச்சிலாகையால் நிமிர்த்தலாம். கொதித்துக்கொண்டிருக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறவாதிருத்தல் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. திறந்து முகம் வெந்தவர் ஊருக்கு ஒருவராவது உளர்.

இனி, அமுக்க நீர்த்தாரையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். பட்டினங்களிலும் சந்திகளிலும் 'சேர்விஸ்' நிலையங்கள் பெருகிவிட்டன. சிறிய கழுவற் பம்பிகள் வீடுகளுக்கும் வந்துவிட்டன. உழவு யந்திரத்தின் பின்சில்லில் ஏற்றப்படும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 இறாத்தல் வரையிலேயே இருக்கும். வீட்டுக்கு வாங்கும் சிறு பம்பியின் நீர்த்தாரையிலோ அது 1,500 இறாத்தலையும் தாண்டும். அத்தாரை சேற்றைப் பறக்கச் செய்வதைக் கண்டு மகிழ்பவர், அதே வேகத்தோடு அது ஒயில் சீலின் உதட்டை விலக்கிக்கொண்டு உள்ளே செல்வதைக் காண்பதில்லை. போதிகையினுள்ளிருந்த கிறீஸ் கரைந்து வெளியேறுகிறது. அதன் இடத்தில் நீரும் நுண்மணலும் அமர்கின்றன. வெளியே யந்திரம் புத்தம் புதியது போற் பளபளக்கிறது. குளத்தில் இறக்கியதனால் விளைந்த கேடு இங்கே கால்மணி நேரத்தில் விளைந்துவிடுகிறது.

இக்கருவியை அறவே தள்ளிவிட வேண்டுமென்பதன்று. சில்லின் பள்ளங்கள், சேறுகாப்புத் தகடுகளின் உட்புறம், கலப்பைத் தட்டுகள், இரும்புச் சில்லுகள் ஆகியவற்றுக்கு இது சிறந்தது. அச்சு முனை, முன்சில்லின் குடம், திருப்பும் தண்டுகளின் மூட்டு, பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு, மின்கம்பிகள், றேடியேற்றர் ஆகிய இடங்களுக்கு இதனைக் கொண்டுசெல்லலாகாது. ஏனைய இடங்களிலும் குழாயின் வாயை ஓரடிக்குக் குறையாத தூரத்தில், நேரே குத்தாமற் சாய்வாகப் பிடித்தல் நன்று. பணம் கொடுத்துப் பிறரிடம் கழுவிப்பவர் பக்கத்தில் நின்று இதனைச் சொல்லவேண்டும். கார் கழுவிப் பழகிய கைக்கு உழவு யந்திரத்தின் மூட்டுகள் தெரியா.

கழுவி முடிந்தபின் டீசலையும் பழைய எஞ்சின் எண்ணெயையும் கலந்து அடிப்பாகமெங்கும் தெளிக்கும் வழக்கமொன்று உண்டு. துருவைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இரும்பை நோக்க அது ஓரளவு உண்மையே. ஆயின் இறப்பர் அதனாற் கெடுகிறது. மண்ணெண்ணெயும் டீசலும் இறப்பரை ஊறி உப்பச் செய்பவை. ரயரின் பக்கம், குழாய்கள், ஒயில் சீல்கள் யாவும் நாளடைவிற் பதமிழக்கும். எண்ணெய் பூசிய உடலில் அடுத்த நாட் புழுதி முன்னிலும் இறுக ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்கேறிய பகுதியை மண்ணெண்ணெயாற் துடைக்கவேண்டுமாயின், துணியிற் தோய்த்து அவ்விடத்தை மட்டும் துடைத்து, உடனே சவர்க்கார நீரால் அலசிவிடுதல் போதும். பக்கத்தில் பீடியும் சுருட்டும் வேண்டாம்.

அவ்வெண்ணெய் பின்னர் எங்கே செல்கிறது என்பதையும் எண்ணவேண்டும். குளத்தில் கழுவினால் அது குளத்திலேயே மிதக்கும். அதே குளத்தில் மாடு குடிக்கும், மக்கள் குளிப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. அங்கே வற்றாத ஆறு இல்லை. குடிநீரிற் பெரும்பகுதி சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்கி நிற்கும் மழைநீரே. மேலே சிந்தியது அவ்வெடிப்புகளின் வழியே தடையின்றிக் கீழிறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவிற் பெரும் பிரச்சினையாகி, மக்கள் தம் முற்றத்துக் கிணற்றை விட்டுத் தாங்கி வண்டியின் நீருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அங்கே காரணம் வேறு, அளவும் வேறு. ஆயினும் கிணற்றுக்கட்டின் அருகில் யந்திரத்தை நிறுத்தி அடிப்பாகத்தை எண்ணெயோடு கழுவுபவர் அதே நிலத்திலேயே நிற்கிறார். கிணற்றிலிருந்து தள்ளி, புல்லடர்ந்த மேட்டிற் கல்லும் சரளையும் பரப்பி ஓரிடத்தை அமைத்துக்கொண்டால் நீர் புல்லினூடே வடியும். சேறும் அங்கேயே தங்கும். வடித்த பழைய எண்ணெயைத் தகரத்திற் சேர்த்து வைத்து, அதனை வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

சேற்றோடு பயணஞ் செய்யும் வேறொன்று விதை. கூலிக்கு உழும் யந்திரம் ஒரு நாளில் மூன்று நான்கு கமக்காரரின் வயல்களில் ஏறி இறங்குகிறது. ரயரின் பள்ளங்களிலும் சுழல்கலப்பையின் கத்திகளிலும் ஒட்டிய சேற்றில் கோழிச்சூடனும் நெற்சப்பியும் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குச் செலவின்றிப் போய்ச் சேரும். 1990களில் அம்பாறை மாவட்டத்திற் கவனத்துக்கு வந்து, பின்னர் பல மாவட்டங்களிற் பரவிய களைநெல் இவற்றுள் மிகத் தொல்லையானது. இளம் பருவத்தில் அதனை நெல்லினின்று வேறு பிரித்தறிதல் கடினம். கதிர் முற்றுமுன்பே மணிகள் நிலத்தில் உதிர்ந்துவிடும். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் தெருவோரமெங்கும் பரவிய பார்த்தீனியத்தின் விதையோ, தூசியென எண்ணத்தக்க அளவினது. ஆதலால், கூலி உழவுக்கு வரும் யந்திரத்தை வரம்பில் நிறுத்தி, "கழுவிப்போட்டு இறக்குங்கோ தம்பி" என்று சொல்லும் முதியவரைக் கஞ்சத்தனமானவர் என்றோ கண்டிப்பானவர் என்றோ சாரதி எண்ணலாகாது. அவர் தமது அடுத்த பத்துப் போகங்களைக் காத்துக்கொள்கிறார்.

கழுவுபவரின் கைகால்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். வயற்சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருத்தல் கூடும். அது வெட்டுக்காயத்தின் வழியே உடலிற் புகுந்தால் எலிக்காய்ச்சல் உண்டாகும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்நோய் பரவி உயிர்களையும் கொண்டுபோயிற்று. காலிற் புண்ணிருப்பவர் அவ்வேலையை இன்னொருவரிடம் விடுவதே தக்கது. இயலாவிடின் இறப்பர்ச் சப்பாத்தும் கையுறையும் அணிக.

சேறு நீங்கிய பின்னரே யந்திரத்தின் உண்மையான முகம் தெரியவரும். எருதின் கழுத்தைத் தடவிப் பார்த்தவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சில்லின் ஆணிகள் இறுகியுள்ளனவா, ரயரில் உடைமுள் தைத்துள்ளதா, கலப்பையின் இணைப்புக் கரத்தில் மயிர்வெடிப்பு ஓடுகிறதா என்பதையெல்லாம் கழுவிய உடனே கண்ணாற் காணலாம். ஈரம் உலர்ந்த பின்னும் ஓரிடத்தில் மட்டும் கருமை நின்றால் அங்கே எண்ணெய் கசிகிறது. அச்சு முனையிலும் சுழல்கலப்பைத் தண்டிலும் வைக்கோலும் நைலோன் கயிறும் வளையம் வளையமாகச் சுற்றியிருப்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அச்சுச் சுழலச் சுழல அவை இறுகி உள்நோக்கி நகர்ந்து ஒயில் சீலை அறுத்துவிடும். சிறு கத்தியால் அன்றே அறுத்தெடுத்தால் முடிந்துபோகும் காரியம் அது. வடிகட்டி மாற்றுதல், எண்ணெய் ஊற்றுதல் முதலிய வேலைகளையும் கழுவியதன் பின்னரே வைத்துக்கொள்ளுதல் சாலும். சேறு படிந்த மூடியைத் திறக்கும்போது முதலில் உள்ளே விழுவது அச்சேறே.

லாண்ட்மாஸ்ரர் என்ற பெயர் ஊர்வழக்கில் இரண்டு சில்லு யந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அவற்றுக்கும் மேற்சொன்னவை யாவும் பொருந்தும். அவற்றின் எஞ்சின் நிலத்துக்கு அண்மையில் இருத்தலாற் காற்று வடிகட்டியில் நீர் புகுதல் இன்னும் எளிது. பட்டி நனைந்தாலும் எண்ணெய் பட்டாலும் வழுக்கும். பட்டியின் மூடியைக் கழற்றித் துடைத்து உலரவிடுதல் நன்று.

தட்டுக் கலப்பையையும் மறக்கலாகாது. உழவில் மண்ணோடு உராய்ந்து வெள்ளியாய் மின்னும் தட்டு, ஈரத்தோடு இரண்டு நாள் நின்றாற் செம்மை பூக்கும். துருப்பிடித்த தட்டில் மண் வழுகாது, ஒட்டிக்கொண்டே வரும், யந்திரம் கூடுதலான டீசலைக் குடிக்கும். கழுவித் துடைத்து மெல்லிய கிறீஸ் பூச்சு ஒன்றைத் தடவி வைத்தால் அடுத்த போகம் வரை அது மின்னும்.

கழுவிய யந்திரத்தை நிழலில் நீர் வடியவிட்டு, கட்டிய துணிகளையும் உறைகளையும் அவிழ்க்கவேண்டும். பால்பேணியை எடுத்த பின்பே திறப்பைத் திருப்புக. மறந்து முடுக்கியவரின் பேணி அடுத்த வளவிற் போய் விழுந்த கதைகள் ஊர்களில் உண்டு. எஞ்சினைக் கால்மணி நேரம் மெதுவாக ஓடவிட்டால் அதன் சூட்டிலேயே எஞ்சிய ஈரம் உலரும். பின்னர் சமதரையில் மெல்லச் செலுத்தி, பிறேக்கை இடையிடையே அழுத்திப் பார்த்தல் மிக அவசியம். பழைய யந்திரங்களில் நீர் புகுந்த பிறேக் முதலிற் பிடிக்காது. ஒருபக்கம் மட்டும் பிடித்தால் யந்திரம் அப்பக்கம் திரும்பும். குளக்கட்டின் சரிவிலே அதனைக் கண்டுபிடிப்பதைவிட வீட்டு முற்றத்திற் கண்டுபிடித்தல் மேல்.

அதன்பின் கிறீஸ். ஒவ்வொரு கிறீஸ் முனையையும் துணியால் துடைத்த பின்பே துப்பாக்கியைப் பொருத்துக; துடையாவிடின் முனையில் ஒட்டிய மணலே முதலில் உள்ளே தள்ளப்படும். பழைய கிறீஸ் நீரோடும் அழுக்கோடும் ஓரமாக வெளியேறி, புதிய நிறத்துக் கிறீஸ் தலைகாட்டும்வரை அடித்து, வழிந்ததைத் துடைத்துவிடவேண்டும்.

மறுநாட் காலையிற் செய்யவேண்டிய ஒரு சோதனை எஞ்சியுள்ளது. நீர் எண்ணெயினும் கனமானது. இரவு முழுவதும் அசையாது நின்ற கியர்ப்பெட்டியில் அது அடியிற் சென்று தங்கியிருக்கும். எஞ்சினை முடுக்குமுன், அடியிலுள்ள வடிகால் ஆணியின் கீழே ஒரு சிரட்டையைப் பிடித்துக்கொண்டு ஆணியைச் சிறிதே தளர்த்தினால் முதலில் வரும் துளிகள் உண்மையைச் சொல்லிவிடும். எண்ணெய் வந்தால் ஆணியை இறுக்கிவிட்டு வயலுக்குப் போகலாம். நீர் வந்தாலோ, எண்ணெய் பாலாய் வெளிறியிருந்தாலோ, அன்றைய உழவை நிறுத்தி, எண்ணெய் முழுவதையும் வடித்துப் புதிதாய் ஊற்றி, நீர் புகுந்த அடைப்பைத் தேடி மாற்றுதல் வேண்டும்.